இலச்சினை மாற்ற முன்மொழிவுகள்: ஒரகடத்து வண்டி முகப்பும் கட்டற்ற மென்பொருளும்

கட்டற்ற மென்பொருள் திட்டங்களின் இலச்சினையை மாற்றக் கோரி எழுதப்படும் முன்மொழிவுகள் இன்று தனியொரு எழுத்து வகையாகவே வளர்ந்துவிட்டன. நிரல் எழுதப் பழகாத மாணவர்கள் பலருக்கு ஒரு திட்டத்திற்குள் நுழைய இதுவே முதல் வாசலாகத் தெரிகிறது. ஒரு படம் வரைந்து, அதற்கு ஒரு பக்கம் விளக்கம் எழுதிச் சமர்ப்பித்தால் போதும் என்பது பொதுவான எண்ணம். பெரும்பாலான முன்மொழிவுகள் பதிலே இல்லாமல் கிடப்பில் போடப்படுகின்றன. எழுதியவர் தன் படம் அழகாக இல்லை போலும் என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார். உண்மையில் படத்தின் அழகு மிகச் சில இடங்களில்தான் காரணமாகிறது. முன்மொழிவு எதைப் பற்றிப் பேசாமல் விட்டது என்பதே பெரும்பாலும் அதன் முடிவைத் தீர்மானிக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள மென்பொருள் உலகை விட்டுச் சற்று விலகி, ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் தடத்தைப் பார்ப்பது பயன் தரும். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், வல்லம்–வடகால், ஒரகடம் ஆகிய சிப்காட் தொழிற்பூங்காக்களைக் கொண்ட இப்பகுதியில் ஹூண்டாய், ரெனோ, ராயல் என்ஃபீல்ட், டைம்லரின் பாரத்பென்ஸ் ஆகியவற்றின் ஆலைகள் உள்ளன. உலகின் சில பெரிய நிறுவனங்களின் சின்னங்கள் நாள்தோறும் இங்கு வண்டிகளில் பொருத்தப்படுகின்றன. சின்னத்தை மாற்றுவது என்றால் என்ன என்பதை இந்தத் தடத்திலுள்ள ஒரு சிறு உதிரிபாகப் பட்டறை அறிந்திருக்கும் அளவுக்கு இலச்சினை முன்மொழிவு எழுதுபவர் பலர் அறிந்திருப்பதில்லை.

வைரம் மாறிய கதை

ஒரகடத்தில் ரெனோ–நிசான் கூட்டு ஆலை 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 4.8 லட்சம் வண்டிகள் தயாரிக்கும் திறனுடையதாக அறிவிக்கப்பட்ட இந்த ஆலையிலிருந்துதான் ரெனோவின் க்விட் 2015-லும், ட்ரைபர் 2019-லும், கைகர் 2021-லும் வெளிவந்தன. கைகர் வெளியான அடுத்த மாதமே, 2021 மார்ச்சில், ரெனோ தன் வைர வடிவச் சின்னத்தை மாற்றுவதாக அறிவித்தது. புடைப்பான, குரோம் பளபளப்புக் கொண்ட வைரம் போய், ஒன்றோடொன்று பின்னிய இரு கோடுகளாலான தட்டையான வைரம் வந்தது. 1972-இல் ஓவியர் விக்டர் வசரேலி உருவாக்கிய கோட்டு வைரத்தின் சாயல் அதில் வெளிப்படையாகத் தெரிந்தது.

இந்தியாவில் விற்கப்படும் ரெனோ வண்டியின் முகப்பில் அந்தப் புதிய வைரம் முதன்முதலாக இடம்பெற்றது 2025 ஜூலையில், புதுப்பிக்கப்பட்ட ட்ரைபரில். அறிவிப்புக்கும் பொருத்தலுக்கும் இடையே நான்கு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன.

வாகனத் துறையில் இந்த இடைவெளி வழக்கமானதே. வண்டியின் முகப்புக் கிரில்லில் சின்னம் உட்காரும் பள்ளம் சின்னத்தின் உருவத்துக்கு ஏற்பவே வார்க்கப்படுகிறது. சின்னம் மாறினால் கிரில்லின் டை மாற வேண்டும். சின்னம் என்பதே பிளாஸ்டிக்கில் வார்த்து, செம்பு, நிக்கல், குரோமியம் என்று அடுக்கடுக்காக முலாம் பூசி, பின்புறம் ஒட்டுநாடா அல்லது கிளிப் வைத்து வரும் ஓர் உதிரிபாகம். முகப்பு, பின்கதவு, சக்கரத்தின் நடுமூடி, சாவி, ஸ்டியரிங் ஆகிய ஐந்து இடங்களிலும் ஐந்து அளவுகளில் அது வேண்டும். ஸ்டியரிங்கில் உள்ளது இன்னும் நுட்பமானது: உள்ளே காற்றுப்பை விரியும்போது சின்னம் பிய்த்துக்கொண்டு ஓட்டுநர் முகத்தை நோக்கிப் பறந்துவிடக் கூடாது. ஆகவே படம் ஒன்றை மாற்றினால் அதற்குச் சோதனையும் மாறுகிறது. இத்தனையையும் தனித்தனியாகச் செய்வதைவிட, வண்டியின் முகமே மாறும் வேளையில் சேர்த்துச் செய்வதுதான் சிக்கனம்.

தொழிற்சாலை உலகில் இந்தக் கணக்கு முழுவதும் மறைவாக நடக்கிறது. முடிவு பாரிஸிலோ யோகோஹாமாவிலோ எடுக்கப்படும்; ஒரகடத்தில் லைனில் நிற்பவருக்குப் பெட்டியில் வரும் பாகத்தின் எண் மட்டும் மாறும். சின்னம் யாருடையது என்ற கேள்விக்கு இங்கே ஐயமே இல்லை. டட்சன் என்ற பழைய பெயர் 2013-இல் தில்லியில் புத்துயிர் பெற்று, சிவப்பு வட்டத்தைக் களைந்து நீலச் சின்னத்தோடு 2014-இல் ஒரகடத்து வண்டிகளில் ஏறியது. 2022-இல் அதே வண்டிகளோடு முடிந்தும் போனது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006 தொடங்கி 2014 நவம்பர் முதல் நாள் வரை இயங்கியது. 2023 பிப்ரவரியில் நோக்கியா தன் எழுத்துகளை மாற்றியபோது உலக ஊடகங்கள் எழுத்தின் கோணங்களை அலசின. அந்தப் பழைய நீல எழுத்தை அடையாள அட்டையில் மாட்டிக்கொண்டு பேருந்து ஏறிய ஆயிரக்கணக்கான இளம்பெண்களிடம் கருத்துக் கேட்கும் வழக்கம் அந்த உலகில் கிடையாது.

கட்டற்ற மென்பொருளில் கேட்கும் வழக்கம் உண்டு. அங்கு எவரும் முன்மொழியலாம்; எவரும் எதிர்க்கலாம். ஆனால் டை, முலாம், சோதனை ஆகியவற்றுக்கு ஈடான வேலைகள் அங்கும் உள்ளன. அவற்றைச் செய்பவர் பெரும்பாலும் ஊதியமில்லாத் தன்னார்வலர் என்பதால் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. முன்மொழிவுகளின் முதன்மைக் குறை இங்கிருந்தே தொடங்குகிறது.

முன்மொழிவின் வாய்பாடு

வழக்கமான முன்மொழிவு ஒன்று இப்படி அமையும். தற்போதைய இலச்சினை பழமையானது என்ற ஒரு வரி. அடுத்து, வட்டங்களும் சாய்கோடுகளும் போட்டுப் புதிய வடிவத்தின் கணித ஒழுங்கைக் காட்டும் ஒரு படம். பிறகு வண்ணங்களின் பொருள். இறுதியாகக் காப்பிக் குவளை, டி-சட்டை, உயரமான கட்டடத்தின் விளம்பரப் பலகை ஆகியவற்றில் அந்த வடிவத்தை ஒட்டிக் காட்டும் படங்கள்.

வண்ணப் பொருள் பகுதிதான் மிக நலிவானது. நீலம் நம்பிக்கையைக் குறிக்கும் என்ற வாக்கியம் இல்லாத முன்மொழிவைக் காண்பது அரிது. பாரத ஸ்டேட் வங்கியும் நீலம், ஹூண்டாயும் நீலம், ஃபேஸ்புக்கும் நீலம். ஒரு நிறம் எல்லோரிடத்திலும் ஒரே பொருளைத் தருமானால் அது யாரையும் வேறுபடுத்திக் காட்டாது. வேறுபடுத்திக் காட்டுவதற்காகத்தானே இலச்சினை.

கட்டடத்தின் மேல் ஒட்டிக் காட்டுவதும் பொருத்தமற்றதே. கட்டற்ற மென்பொருள் திட்டம் எதற்கும் அண்ணா சாலையில் விளம்பரப் பலகை வாங்கப் பணம் இருப்பதில்லை. அதன் இலச்சினை உண்மையில் வாழும் இடங்கள் வேறு: உலாவித் தாவலில் 16 படப்புள்ளி அகலமுள்ள சிறுபடம், முனையத்தில் எழுத்துகளாலேயே வரையப்படும் உருவம், கல்லூரிக் கருத்தரங்கில் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்த சுவரொட்டி, மடிக்கணினியின் முதுகில் ஒட்டும் ஸ்டிக்கர், கணினி இயங்கத் தொடங்கும்போது கருந்திரையில் சில நொடி தோன்றும் குறி. இந்த இடங்களில் ஒன்றையாவது காட்டும் முன்மொழிவு உடனே மதிப்புப் பெறுகிறது. எத்தனை கோப்புகளில், எத்தனை துணைத் திட்டங்களில் பழைய இலச்சினை உள்ளது என்று எண்ணித் தரும் முன்மொழிவு அதைவிடவும் மதிப்புப் பெறும். அத்தகையது மிகக் குறைவாகவே எழுதப்படுகிறது. எண்ணுவது வரைவதைப்போல் இன்பமான வேலை அல்ல.

ஃபெடோரா: நன்றாக எழுதப்பட்ட ஒரு குறைப்பட்டியல்

இவ்வகையில் சிறந்த எடுத்துக்காட்டு ஃபெடோரா லினக்ஸ் திட்டத்தின் இலச்சினை மாற்றம். 2003-இல் தொடங்கப்பட்ட ஃபெடோரா, 2005-இல் ஒரு நீல இலச்சினையை ஏற்றது. ஒரு பேச்சுக் குமிழி, அதனுள் ஆங்கில எஃப் எழுத்தும் முடிவிலிக் குறியும் பிணைந்த கோடு. கருத்தளவில் அது வளமானது: குமிழி சமூகத்தின் குரல், முடிவிலி கட்டற்ற தன்மை. பயன்படுத்தியவர்கள் அதை விரும்பினார்கள். ஆயினும் 2018-இல் திட்டத்தின் வடிவமைப்பாளர் மாரீன் டஃபி அதை மாற்றுவது குறித்துப் பொதுவெளியில் எழுதினார்.

அந்த எழுத்தின் சிறப்பு, பழமையானது என்ற சொல்லை நம்பியிராததுதான். குறைகள் ஒவ்வொன்றும் சோதித்துப் பார்க்கக்கூடியவையாக இருந்தன. ஒற்றை நிறத்தில் அச்சிட்டால் இலச்சினை சரிவரவில்லை. குமிழியும் உள்கோடும் இரு நீலங்களின் வேறுபாட்டில்தான் பிரிந்து நின்றன. கரும்பின்னணியில் வைத்தால் அடர்நீலம் மூழ்கியது. குமிழியின் ஒரு மூலை கூராக இருந்ததால் எதன் நடுவிலும் சரியாக உட்காரவில்லை. பெயரெழுத்தில் கடைசி எழுத்து ஏ போலவும் தெரிந்தது, ஓ போலவும் தெரிந்தது. நீலப் பின்னணியில் வெள்ளை எஃப் என்றதும் மக்கள் ஃபேஸ்புக் என்றே எண்ணினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டற்ற மென்பொருள் திட்டமொன்றின் பெயர் உரிமம் கட்டுப்படுத்தப்பட்ட எழுத்துருவில் அமைந்திருந்தது. ஆகவே பங்களிப்பாளர் ஒருவர் துணைத் திட்டத்துக்கு அதே எழுத்தில் பெயரெழுத முடியாது. காசு கொடுத்து எழுத்துரு வாங்க வேண்டும்.

கடைசிக் குறை அழகியலைச் சார்ந்ததே அன்று. திட்டம் தன் கொள்கையைத் தானே மீறியிருந்தது என்பதை அது காட்டியது. இத்தகைய ஒரு குறையைக் கண்டுபிடித்துச் சொல்லும் முன்மொழிவுக்கு மறுமொழி சொல்லாமல் எந்தத் திட்டமும் இருந்துவிட முடியாது.

அடுத்து நடந்ததும் கவனிக்கத்தக்கது. 2019 தொடக்கத்தில் இரு மாதிரிகள் பொதுப் பார்வைக்கு வைக்கப்பட்டன. ஒன்று பழைய உருவிலிருந்து வெகுவாக விலகியது. மற்றது எஃப்–முடிவிலிப் பிணைப்பைக் காத்துக்கொண்டது. கருத்துகள் குவிந்தன, கோபமும் குவிந்தது. பழையதன் தொடர்ச்சியான வடிவமே தேறியது. சட்ட ஆய்வும் பரவலாக்கமும் முடிந்து 2021-இல்தான் அது முழுப் பயன்பாட்டுக்கு வந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். ட்ரைபரின் வைரத்துக்கு ஆன காலத்தோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடில்லை. டையும் முலாமும் இல்லாத இடத்திலும் மாற்றம் அதே வேகத்தில்தான் நகர்கிறது.

இந்த முறைமையிலும் ஒரு குறையைச் சொல்லலாம். பழைய இலச்சினையில் எல்லோரும் நேசித்த குரல் குமிழி என்ற எண்ணம் புதியதில் மங்கிவிட்டது. புதியதைப் பார்ப்பவர் எஃப் என்று படிப்பார். பேச்சு என்று படிக்க மாட்டார். எங்கும் சரியாக அச்சாகும் உருவம் கிடைத்தது, கொஞ்சம் பொருள் கழிந்தது. கொடுக்கல் வாங்கலில் இது நியாயமான விலைதான். ஆனால் விலையே இல்லை என்பதுபோல் கொண்டாடப்பட்டது சரியன்று.

உரிமை யாருடையது

மூலநிரல் திறந்திருப்பதால் இலச்சினையும் திறந்திருக்கும் என்று எண்ணுவது மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. நிரலுக்குப் பதிப்புரிமையும் உரிமமும். பெயருக்கும் இலச்சினைக்கும் வணிகக்குறிச் சட்டம். இரண்டும் வேறு வேறு பாதைகள். இந்தப் பிளவு வெளிப்படையாக வெடித்தது 2006-இல். ஃபயர்ஃபாக்சின் நிரல் கட்டற்றது. அதன் நரி இலச்சினை அன்று அப்படி இல்லை. டெபியன் திட்டம் தன் கொள்கைப்படி அந்தப் படத்தைச் சேர்க்க மறுத்தது. பெயரை வைத்துக்கொண்டு படத்தை நீக்குவதை மொசில்லா ஏற்கவில்லை. டெபியன் அதே உலாவியை ஐஸ்வீசல் என்ற வேறு பெயரில், வேறு படத்தோடு வழங்கத் தொடங்கியது. நரிக்குப் பதில் மரநாய்! இந்த நிலை 2016 வரை நீடித்தது. பத்தாண்டுக் காலம் ஒரு படத்தின் உரிமத்துக்காக ஒரு மென்பொருள் இரு பெயர்களில் வாழ்ந்தது.

மறுபக்கம் லினக்சின் பென்குயின் டக்ஸ். 1996-இல் லாரி யூயிங் அதை ஜிம்ப் என்ற கட்டற்ற வரைகலை மென்பொருளில் வரைந்தார். லினக்ஸ் இலச்சினைக்காக நடந்த மூன்று போட்டிகளில் ஒன்றிலும் டக்ஸ் வெல்லவில்லை. அதனால் முறைப்படி அது இலச்சினையே அன்று, செல்லச் சின்னம் மட்டுமே. வென்ற படங்களை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. ஃப்ரீபிஎஸ்டி 2005-இல் நடத்திய போட்டியும் இதை ஒட்டியதே. பீஸ்டி என்ற சிறு பேய் உருவம் வணிகச் சூழலுக்கும் சமய உணர்வுக்கும் ஒவ்வாதது என்ற பேச்சு எழுந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட படைப்புகள் வந்தன. கொம்பு முளைத்த ஒரு சிவப்புக் கோளம் தேர்வாயிற்று. பீஸ்டியை யாரும் விரட்டவில்லை. அது செல்லச் சின்னமாகத் தொடர்ந்தது, இன்றும் ஸ்டிக்கர்களில் சிரிக்கிறது. பழையதை அழிக்காமல் அதற்கு வேறு வேலை கொடுத்த இந்தத் தீர்வைப் பல முன்மொழிவாளர்கள் கவனிப்பதில்லை. நீக்குக, மாற்றுக என்று எழுதுவதைவிட, இதை இங்கும் அதை அங்கும் வைத்துக்கொள்க என்று எழுதுவது திட்டத்தின் மூத்தோரை எளிதில் இசைய வைக்கும்.

போட்டியும் கூலியும்

போட்டி நடத்தி இலச்சினை பெறுவது மலிவான வழி. நூறு பேர் வரைவார்கள், ஒருவர் வெல்வார், தொண்ணூற்றொன்பது பேரின் உழைப்பு குப்பைக்குப் போகும். தொழில்முறை வடிவமைப்பாளர்கள் இதை நீண்ட காலமாக எதிர்த்து வருகிறார்கள். மொசில்லா இதைத் தவிர்க்க 2016-இல் வேறு வழி எடுத்தது: ஜான்சன் பேங்க்ஸ் என்ற லண்டன் நிறுவனத்துக்குக் கூலி கொடுத்து, வரைவுகளை மட்டும் பொதுவில் வைத்துக் கருத்துக் கேட்டது. 2017 ஜனவரியில், இணைய முகவரியில் வரும் முக்காற்புள்ளியும் இரு சாய்கோடுகளும் பெயருக்குள்ளேயே புகுந்த இலச்சினை தேர்வாயிற்று. நேர்மையான முறை, அறிவார்ந்த விடை. ஆனால் 2024 டிசம்பரில் மொசில்லா அதையும் கைவிட்டு டைனோசர் உருவமைந்த புதிய குறிக்கு மாறியது. திறந்த முறையில் பிறந்த இலச்சினைக்கு ஆயுள் கூடுதல் என்று நம்ப இடமில்லை.

இந்தியாவில் இதற்கு நெருங்கிய நிகழ்வு ரூபாய்க் குறி. 2009-இல் ஒன்றிய நிதியமைச்சகம் போட்டி அறிவித்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் வந்தன. ஐந்து இறுதிச் சுற்றுக்குச் சென்றன. 2010 ஜூலை 15 அன்று அமைச்சரவை ஏற்றது தமிழகத்தைச் சேர்ந்த டி. உதயகுமாரின் வடிவம். ஐஐடி மும்பையில் பயின்ற அவர் தமிழ் எழுத்துருவியலில் ஈடுபாடு கொண்டவர். பரிசு இரண்டரை லட்சம் ரூபாய்.

செய்தித்தாள்கள் இத்தோடு கதையை முடித்தன. கதை தொடங்கியதே அதன் பிறகுதான். குறி கிடைத்துவிட்டது, ஆனால் அதைத் தட்டச்சு செய்ய எந்தக் கணினியிலும் வழியில்லை. மங்களூரைச் சேர்ந்த ஒரு நிறுவனம் அவசரத் தீர்வாக ஓர் எழுத்துரு வெளியிட்டது. விசைப்பலகையில் எண் ஒன்றுக்கு இடப்புறம் உள்ள, யாரும் தொடாத சாய்குறி விசையில் ரூபாய்க் குறியை ஏற்றியது. பலரும் பயன்படுத்தினார்கள். விளைவு: அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தொகைக்கு முன் வெறும் சாய்குறிதான் தெரியும். அக்காலத்து ஆண்டறிக்கைகளிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் இந்தத் தழும்பை இன்றும் காணலாம். 2010 அக்டோபரில் ஒருங்குறி 6.0 பதிப்பில் குறிக்கு முறையான இடம் கிடைத்தது. அதே மாதம் வெளியான உபுண்டு 10.10 அதைத் தன் எழுத்துருவில் சேர்த்து, இயல்பாகவே ஆதரித்த முதல் இயங்குதளம் என்ற பெயரைப் பெற்றது. ஒரு தன்னார்வலர் வரைந்து சேர்த்த வடிவத்தால் இது இயன்றது. அவருக்குப் பரிசுப் பணம் இல்லை. அவர் பெயரைப் பொது அறிவுப் புத்தகங்கள் கேட்பதும் இல்லை.

2025 மார்ச்சில் தமிழ்நாட்டு வரவுசெலவுத் திட்டத்தின் இலச்சினையில் அந்தக் குறிக்குப் பதிலாக 'ரூ' என்ற தமிழ் எழுத்து இடம்பெற்றபோது எழுந்த அரசியல் விவாதம் தனி. இலச்சினை நோக்கில் ஒரு வசதியை மட்டும் குறிப்பிடலாம்: 'ரூ' எல்லாத் தமிழ் எழுத்துருவிலும் ஏற்கெனவே இருக்கிறது. யாரும் புதிதாக எதுவும் வரைய வேண்டியதில்லை. (தமிழுக்கென ௹ என்ற பழைய ரூபாய்க் குறியும் ஒருங்குறியில் உண்டு, அதை யாரும் நாடவில்லை.)

எழுத்து பிசகும் இடம்

இலச்சினை முன்மொழிவுகளில் அநேகமாக எவரும் தொடாத இன்னொரு பகுதி, பெயர் பிற மொழிகளில் எப்படி எழுதப்படும் என்பது. விக்கிப்பீடியாவின் புதிர்க்கோளம் இதில் நல்ல பாடம். 2003-இல் ஏற்கப்பட்ட கோளத்தின் துண்டுகளில் பல மொழி எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் தேவநாகரி 'வி'யில் இகரக் குறி பிசகியிருந்தது; ஜப்பானிய எழுத்தொன்றும் தவறு. 2007-இல் நியூயார்க் டைம்ஸ் இதைச் செய்தியாகவே வெளியிட்டது. எவரும் திருத்தலாம் என்று பறைசாற்றும் கலைக்களஞ்சியத்தில் எவராலும் திருத்த முடியாத ஒரே பிழை அதன் முகப்பிலேயே இருந்தது. மூலக்கோப்பு திருத்தத்தக்க நிலையில் இல்லாமையால் 2010-இல் கோளம் முழுவதையும் மறுபடி உருவாக்க வேண்டியதாயிற்று. அப்போது, திரைப்படங்களுக்காகப் புனையப்பட்ட கிளிங்கன் மொழியின் எழுத்தை நீக்கி எத்தியோப்பிய எழுத்து ஒன்றை வைத்தார்கள். பேசும் மக்கள் உள்ள மொழிக்கு இடம் கிடைத்தது நல்ல திருத்தம்.

தேவநாகரியில் நடந்தது தமிழுக்கும் அன்றாடம் நடப்பதே. கொம்பும் காலும் எழுத்தின் இருபுறமும் வரும் 'கொ' போன்றவை, சிக்கலெழுத்தைக் கையாளத் தெரியாத மென்பொருளில் சிதறிவிடும். ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள்கோவில் சாலையோர ஃபிளெக்ஸ் பலகைகளில் இதற்குச் சான்று தேட அலைய வேண்டியதில்லை. கட்டற்ற வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப், எழுத்துகளைக் கோக்கும் கட்டற்ற நூலகமான ஹார்ஃப்பஸ்ஸின் துணையால் தமிழைச் சரியாகவே காட்டுகிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். விலை கொடுத்து வாங்கிய மென்பொருள் சிதைப்பதை விலையில்லாதது சரியாக எழுதுகிறது.

இன்னொரு சிக்கல் புள்ளி. 'விக்கிப்பீடியா' என்ற பெயரில் இரு மெய்யெழுத்துகள். தமிழ் விக்கிப்பீடியாவின் கோளத்தின் கீழ் அப்பெயர் தமிழிலேயே உள்ளது. அதைச் சிறிதாக்கினால் முதலில் மறைவது அந்த இரு புள்ளிகள்தான். ஆங்கிலப் பெயரெழுத்தை வைத்துத் தேர்ந்த கோட்டின் தடிமனும் இடைவெளியும் தமிழுக்குப் பொருந்தா. சென்னை, காஞ்சிபுரம் வட்டாரங்களில் லினக்ஸ் பயனர் குழுக்கள் நெடுங்காலமாக இயங்கி வருகின்றன. தமிழாக்கத்தில் பழக்கமுள்ளவர்கள் அவற்றில் உண்டு. ஒரு திட்டத்தின் இலச்சினையை முழுவதும் மாற்றச் சொல்லி எழுதுவதைக் காட்டிலும், இருக்கும் இலச்சினைக்கு ஒழுங்கான தமிழ்ப் பெயரெழுத்து ஒன்றைக் கட்டற்ற எழுத்துருவில் செய்து கொடுக்கும் பங்களிப்பு ஏற்கப்படும் வாய்ப்பு மிக அதிகம். யாருடைய உணர்வையும் அது புண்படுத்தாது. வேறு எவராலும் எளிதில் செய்யவும் முடியாது.

சுற்றுப் பலகையின் மேல்

ஸ்ரீபெரும்புதூர்த் தடத்தில் வண்டிகளுக்கு இணையாக மின்னணுச் சுற்றுப் பலகைகளும் பெருமளவில் கோக்கப்படுகின்றன. அந்த உலகுக்கென ஒரு கட்டற்ற இலச்சினை உண்டு: திறந்த வன்பொருளைக் குறிக்கும் பற்சக்கரம். 2011-இல் அந்தச் சமூகம் அதைத் தேர்ந்தது. கீழ்ப்பகுதி திறந்த பற்சக்கரம் அது. தன் சாவித்துளை இலச்சினையின் சாயல் அதில் இருப்பதாக ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் 2012-இல் கவலை தெரிவித்தது. பிறகு இரு தரப்பும் பேசி உடன்பட்டன.

இந்த இலச்சினையின் உண்மையான தேர்வு சட்டத்தில் நடக்கவில்லை, பச்சைப் பலகையின் மேல் நடந்தது. சுற்றுப் பலகையில் வெள்ளை மையால் அச்சிடும் அடுக்கில் ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டருக்கு மெலிந்த கோடு நிற்காது, கரைந்துவிடும். ஒரே நிறம், சாயல் வேறுபாடு இல்லை, விரல் நகத்தில் பாதியளவு இடம், பக்கத்திலேயே மின்தடையின் எண். பற்சக்கரத்தின் தடித்த பற்கள் அதில் பிழைத்து நிற்கின்றன. ஃபெடோராவின் பழைய குமிழி நின்றிருக்காது. பழைய ரெனோவின் குரோம் வைரமும் நின்றிருக்காது. முன்மொழிவு எழுதும் மாணவர் காப்பிக் குவளைக்குப் பதிலாக இப்படியொரு பலகையில் தன் வடிவத்தை வைத்துப் பார்க்கலாம். மென்பொருள் இலச்சினையில் பிழை இருந்தால் அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம். பலகையில் அச்சான பிழை அந்தத் தொகுதி முழுவதும் பெட்டியில் ஏறி, துறைமுகம் போய், யாரோ ஒருவருடைய கருவிக்குள் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும்.